எட்டாம் பகுதி

இரவு ஒன்பதே முக்காலுக்குப் போன்.
அறையில் கரி மூட்டினாரா, தெரியுமா என்று கேட்கிறார்
ஆஸ்பத்திரியிலிருந்து டூட்டி டாக்டரம்மா.
தை மாதக் குன்னூரில் அதுதான் முதல் கேள்வி.
கணப்புச் சட்டியோடு கதவைச் சாத்திப் படுத்தவர்களை
அவர் பார்த்திருக்கிறார்.
கரி இல்லை என்று கூட வந்த பையன் சத்தியம் செய்கிறானாம்.
விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்றெட்டு காட்டுகிறது,
ரத்தம் வேறு சொல்கிறது.
"உங்க கடைக் கேனாம். அதுல என்ன இருந்துச்சு?"

கேனில் ஒன்றும் எழுதியிருக்காது.
முன்பு கடலை எண்ணெய் இருந்த கேன்.
பீப்பாயிலிருந்து நான்தான் இறக்கினேன், லிட்டர் லிட்டராக.
பெயர் பீப்பாயோடு நின்றுவிட்டது.
இறக்கும்போது எனக்கும் தலை கனக்கும்,
படியேறிய அசதி என்று விட்டுவிடுவேன்.
கடையில் அதற்குப் பெயர் ரிமூவர்.
சந்திரபோஸ் 'இனிப்புச் சரக்கு' என்பார்,
முகர்ந்தால் லேசாக இனிக்கிறதாம்.

மவுண்ட் ரோட்டில் ஷட்டரைத் தூக்கி
தராசின் ஆடுகிற காலுக்கு அண்டை கொடுத்திருந்த
காகிதக் கட்டை உருவினேன்.
எட்டுப் பக்கம். நாலு வருஷம் மடங்கியே கிடந்தது.

டைகுளோரோமீத்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை.
பிறகு, யாரிடமோ:
"ஈரல் இதை கார்பன் மோனாக்சைடா மாத்தும்.
வெளிய தூக்கிட்டு வந்த பிறகும் உள்ள உண்டாகிட்டே இருக்கும்.
ராத்திரி பூரா ஆக்சிஜன எடுக்காதீங்க."
வைத்துவிட்டார்.

ஆளுக்குள்ளேயே ஒரு கணப்புச் சட்டி.

மீதியை நின்றபடியே படித்தேன்.
எட்டாம் பகுதி:
எட்டு மணி நேர வேலைக்கு
காற்றின் பத்து லட்சம் பங்கில் ஐம்பது.
மூக்குக்குத் தெரிவது இருநூறுக்கு மேல்.
அந்த இரண்டு வரியை மூன்று தரம் படித்தேன்.
வாசனை வந்தால்
வரம்பு எப்போதோ போயிருக்கிறது,
கொண்டை ஊசி வளைவில் லாரி உரசிப் போன பிறகு
கேட்கிற ஹாரன் மாதிரி.
இரண்டாயிரத்து முந்நூறில், உயிருக்கு உடனடி ஆபத்து.

பழைய பங்களா. சின்னக் குளியலறை.
இரும்புத் தொட்டியின் எனாமலைச் சுரண்ட
ஒரு லிட்டர் ஊற்றினால் எவ்வளவு ஆகும் என்று
பின்னொரு நாள் கம்பெனி ஆளைக் கேட்டேன்.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் போட்டுப் பார்த்தவர்
இருபதாயிரம் தாண்டியதும் பேனாவை மூடிவிட்டார்.

காற்றைப்போல் மூன்று மடங்கு கனம் அது.
இங்கே மூடுபனியாவது பள்ளத்திலிருந்து ஏறி வந்து
வெயில் பட்டதும் கலைந்துவிடும்.
இது தொட்டிக்குள் தண்ணீராய்த் தங்கும், நிறமில்லாமல்.
அதற்குள் குனிந்துதான் சுரண்ட வேண்டும்.
ஜன்னல் இருந்தது.
குளிருக்குச் சாத்தி, இடுக்கில் துணி செருகியிருந்தார்கள்.

சந்திரபோஸ் பிழைத்தார்.
மூன்றாம் நாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்.
அந்த மதியமே அவருக்கு நினைவில் இல்லை.
ஒன்று மட்டும் சொன்னார்:
"மொதல்ல நெடி தூக்குச்சுண்ணே. அப்புறம் ஒண்ணுமே இல்ல.
காத்து சுத்தமாயிருச்சுன்னு நெனச்சேன்."
ஆரஞ்சை உரித்தார்.
தோலின் வாசனை தெரிகிறதா என்று கேட்க வந்தேன்.
கேட்கவில்லை.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.
பீப்பாயில் இன்னும் கால்வாசி இருக்கிறது.
இப்போதெல்லாம் கேனில் மார்க்கரால் பெயர் எழுதுகிறேன்,
தமிழில், பெரிதாக.
எண்ணெய்ப் பிசுக்கில் மை நிற்பதில்லை.

நேற்று ஒருவர் வந்தார். ஹோட்டல் வேலை, இரண்டு லிட்டர்.
"ரூமுக்கு ஜன்னல் இருக்கா?"
சிரித்தார்.
"இருக்கு. இந்தக் குளிர்ல யாருங்க தொறப்பா?"

குழாயைப் பிடித்த கை
பிடித்தபடியே இருந்தது.